கைக்குழந்தையின் கண்ணுக்குச் சொட்டு மருந்து

பிறந்து சில நாட்களே ஆன மதலை காலையில் விழிக்கும்பொழுது இமைகள் இரண்டும் பீளையால் ஒட்டிக்கொண்டு திறவாதிருக்கக் கண்டால் எந்தத் தாயின் நெஞ்சுதான் பதறாது? சொந்த ஊராயிருப்பின் பாட்டியோ அத்தையோ உடனிருந்து பார்த்துக்கொள்வார்கள். டில்லியிலும் மும்பையிலும் ஓரிரண்டு அறைகளில் குடித்தனம் நடத்தும் நம் இளந்தம்பதியருக்கு அத்துணை எப்பொழுதும் வாய்ப்பதில்லை. ஆயினும் யோசனைகளுக்குக் குறைவில்லை. அவை தொலைபேசி வழியாக வந்து சேர்ந்துவிடுகின்றன. தாய்ப்பாலில் ஒரு துளி விடச் சொல்வார் ஒருவர். விளக்கெண்ணெய் என்பார் மற்றொருவர். நந்தியாவட்டைப் பூவைப் பிழியச் சொல்வாரும் உண்டு. போதாக்குறைக்கு அடுத்த வீட்டு அம்மையார் சுர்மாச் சிமிழுடன் வாயிற்படியில் நிற்பார். எல்லோரும் அன்பினால் சொல்பவர்களே. எனினும் மருத்துவர் சொல்லாத எதனையும் குழந்தையின் கண்ணுக்குள் விடலாகாதென்றே நாம் உறுதியாகக் கருதுகிறோம்.

தாய்ப்பாலுக்கு நிகரான உணவு வேறில்லை. ஆனால் அதன் இடம் வயிறு. கண்ணில் விடும்பொழுது தோலிலுள்ள கிருமிகளும் உடன் செல்லக்கூடும். பூச்சாறும் எண்ணெயும் அவ்வாறே. சுர்மாவிலோ ஈயம் கலந்திருப்பது பலமுறை கண்டறியப்பட்டுள்ளது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குப் பகை. இவற்றையெல்லாம்விடப் பெரிய கேடு ஒன்றுண்டு. 'இரண்டு நாள் இதைச் செய்து பார்ப்போம்' என்று காத்திருக்கிறோமே, அந்த இரண்டு நாள்தான் சில குழந்தைகளுக்குப் பார்வையைக் காக்கும் காலம்.

குழந்தையின் கண்ணில் நீர் வடிந்து, பீளை கட்டி, விழியின் வெண்மை மட்டும் மாறாதிருந்தால், பெரும்பாலும் அது கண்ணீர்க் குழாய் முழுவதும் திறவாமையால் வருவது. ஓராண்டிற்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தானே திறந்துகொள்ளும். மருத்துவர் காட்டிய வண்ணம் மூக்கோரத்தில் மெல்ல நீவி வந்தால் போதும். ஆனால் பிறந்த 28 நாட்களுக்குள் கண் சிவந்து, இமை வீங்கி, சீழ் வடியுமாயின் அன்றைக்கே, இரவாயினும், மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பிரசவத்தின்போது பிறப்பு வழியிலிருந்து தொற்றும் கிருமிகளுள் வெட்டை நோய்க் கிருமி ஓரிரு நாட்களிலேயே கருவிழியைத் துளைத்துவிட வல்லது. அதற்குச் சொட்டு மருந்து மட்டும் போதாது, ஊசியும் தேவை. தாய் தந்தையர்க்கும் சிகிச்சை செய்வார்கள். தாய்க்கு யாதோர் அறிகுறியும் இல்லாமலே இக்கிருமி இருக்கக்கூடுமாதலால் இதில் நாணவோ ஒருவரையொருவர் பழிக்கவோ இடமில்லை.

முற்காலத்தில் ஐரோப்பாவில் எண்ணற்ற குழந்தைகள் இந்நோயால் பார்வை இழந்தன. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கிரெடே என்னும் பிரசவ மருத்துவர் 1880-இல், பிறந்தவுடன் ஒவ்வொரு குழந்தையின் கண்ணிலும் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் ஒரு துளி விடத் தொடங்கினார். நூற்றுக்குப் பத்தாக இருந்த நோய் ஒன்றுக்கும் கீழே இறங்கிற்று. அக்கரைசல் கண்ணை உறுத்துமாதலின் பின்னர் வேறு மருந்துகள் வந்துவிட்டன. ஆயினும் ஒரு துளியின் ஆற்றலை அதுவே உலகுக்குக் காட்டியது.

இனி, மருத்துவர் எழுதித் தந்த மருந்தை விடும் முறை. இங்கேதான் பல வீடுகளில் போராட்டம் நிகழ்கிறது. குழந்தை கண்ணை இறுக மூடிக்கொள்ளும், தாய் அழுவாள், மருந்து கன்னத்தில் வழியும்.

முதலில் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக. கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்து, மூக்கையொட்டிய முனையிலிருந்து வெளிப்புறமாக ஒரே இழுப்பில் பீளையைத் துடைத்தெடுக்க வேண்டும். ஒரு துடைப்புக்கு ஒரு பஞ்சு. துடைத்ததையே மீண்டும் வைக்கலாகாது. பீளையின் மேல் விட்ட மருந்து உள்ளே சேராதாகையால் இதனைச் சுருக்கிவிட வேண்டாம். பிறகு பழைய பருத்திப் புடவைத் துணியால் கைகள் உள்ளடங்கக் குழந்தையைச் சுற்றி, மல்லாக்கக் கிடத்துக. ஒருவர் தலையை மெல்லப் பிடித்துக்கொள்ள மற்றவர் மருந்து விடுவது எளிது. ஆடவர்கள் அலுவலகம் புறப்படுமுன் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கலாம், செய்தித்தாள் காத்திருக்கும்.

கீழிமையை விரலால் சற்றே தாழ்த்தினால் ஒரு சிறு பை போலத் திறக்கும். அதில் ஒரு துளி. ஒன்றே போதும்; கண் கொள்வதே அவ்வளவுதான், இரண்டாவது துளி வெளியே வழிந்துவிடும். குப்பியின் முனை இமையிலோ விரலிலோ படக்கூடாது. குழந்தை கண் திறக்க மறுத்தால் மல்லுக்கு நிற்க வேண்டாம்: மூக்கோரத்து முனையில் துளியை விட்டுக் காத்திருந்தால், கண் திறக்கும்பொழுது தானே உள்ளே செல்லும். அழுகையின் நடுவே விட்டால் கண்ணீர் கழுவிவிடும். அயர்ந்து உறங்கும் வேளையில் விடுவது பல தாய்மார்க்குக் கைகொடுத்திருக்கிறது. இரு மருந்துகள் இருப்பின் இடையே ஐந்து நிமிடம் விடுக. களிம்பு எப்பொழுதும் பின்னரே.

மருந்துக்கடையில் கேட்டவுடன் தரும் குப்பிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து சிவப்பை விரைவில் மறைத்துவிடும். உள்ளே புண் வளர்ந்துகொண்டிருக்கும். மூத்த பிள்ளைக்கு வாங்கி மீந்த மருந்தும் வேண்டாம். ஆங்கிலத்தில் கண்ணைக் குறிக்கும் 'ஐ', காதைக் குறிக்கும் 'இயர்' இரண்டும் மூன்றெழுத்துச் சொற்களே. ஒரே எழுத்தில்தான் தொடங்குகின்றன. நள்ளிரவில் தூக்கக் கண்ணோடு குப்பியை எடுப்பவர் விளக்கைப் போட்டு ஒருமுறைக்கு இருமுறை படிப்பது நலம்.

சீழ் நின்றதென்று மருந்தை நிறுத்திவிடாமல், சொன்ன நாள் வரை விட வேண்டும். இரண்டு நாளில் குறையாவிடில் மீண்டும் மருத்துவரிடம் செல்க. விடுமுறைக்கு ஊர் புறப்படுவோர், டில்லியிலிருந்து சென்னைக்கு முப்பது மணி நேரத்திற்கு மேல் ரயிலில் கழியுமென்பதை நினைந்து, மருந்தையும் பஞ்சையும் கொதித்து ஆறிய நீரையும் பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்க. குப்பியைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவிடுங்கள். பெரும்பாலான மருந்துகளுக்கு 28 நாள் கெடு, அதற்குமேல் பாதி மீந்திருந்தாலும் எறிந்துவிட வேண்டியதுதான்.