லோமேக்குக் கிளம்பும் ஃபிட்டர்

ஒரகடம் ஜங்ஷனில் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டும் காலையில் நிமிர்ந்து பார்த்தால், ஜப்பானிய எழுத்தில் ஹோட்டல் போர்டு தெரியும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால் கொரிய எழுத்து. 1996-இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்த நாள்முதல் வெளிநாட்டுக்காரரை வைத்துப் பார்த்துப் பழகிய வட்டாரம் இது. வந்த இன்ஜினியருக்கு வீடு, கார், டிரைவர், மொழிபெயர்ப்பாளர் என்று எல்லாமே கம்பெனிப் பொறுப்பு.

இங்கிருந்து ஒரு ஃபிட்டர் டோகோவுக்குக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு என்ன ஏற்பாடு?

கானாவுக்கும் பெனினுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நாடு டோகோ. பரப்பில் தமிழ்நாட்டில் பாதிகூடத் தேறாது. கடற்கரை 56 கிலோமீட்டர்தான். தலைநகர் லோமேக்கு வடக்கே அடெட்டிகோப்பேயில் 2021-இல் ஒரு தொழிற்பேட்டை திறந்தார்கள். இலங்கையின் ஸ்டார் கார்மென்ட்ஸ்கூட அங்கே ஆடை தைக்கிறது. மெஷின் ஓடும் இடத்தில் ஃபிட்டருக்கு வேலை உண்டு.

முதலில் அவர் போக வேண்டிய இடம் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு, கையடக்கமான ஒரு மஞ்சள் புத்தகம் தருவார்கள். பெயர், ஊசி போட்ட தேதி, மருந்தின் பேட்ச் எண், மேலே முத்திரை. பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும்; பிறகு ஆயுளுக்கும் போதும். அது இல்லாமல் திரும்பி வந்தால் சென்னை விமான நிலையத்திலேயே பிடித்து ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம்.

மலேரியாவுக்குத் தடுப்பு மாத்திரை வேண்டும். ஊருக்குத் திரும்பிச் சில வாரம் கழித்துக் காய்ச்சல் அடித்தாலும் டாக்டரிடம் முதல் வார்த்தையாக "ஆப்பிரிக்கா போய் வந்தேன்" என்று சொல்ல வேண்டும். அங்குள்ள மலேரியா ஆளைக் கொல்லும் ரகம்.

அங்கே அலுவல் மொழி பிரெஞ்சு. நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸில் மூன்று மாதம் படித்தாலே சூப்பர்வைசர் சொல்வது பிடிபடத் தொடங்கும். தெருவில் குழந்தைகள் "யோவோ" என்று கூப்பிடுவார்கள். வெளிநாட்டுக்காரர் என்று அர்த்தம், கோபப்பட ஒன்றுமில்லை. இடது கையால் எதையும் நீட்டக் கூடாது என்பதை நம்மவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சேனைபோன்ற கிழங்கை அவித்து உரலில் போட்டு உலக்கையால் இடிக்கும் சத்தம் கேட்டால், ஃபூஃபூ தயாராகிறது என்று தெரிந்துகொள்ளலாம். பாட்டி வீட்டுச் சத்தம்தான் அது.

மனசுக்கு இவ்வளவு பக்கத்தில் வரும் நாடு, காகிதத்தில் மிகத் தூரம். பத்தாவது முடிக்காத தொழிலாளி வளைகுடாவுக்குப் போனால் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரி அவரது ஒப்பந்தத்தைப் பார்த்த பிறகே அனுமதி தருவார். அந்த அனுமதி கட்டாயமான 18 நாடுகளில் டோகோ இல்லை. அதாவது, கிளம்பும்முன் அவரது காகிதத்தை அரசு தரப்பில் யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. இது பெரிய ஓட்டை. அடைத்தே ஆக வேண்டும்.

அங்கே போனபின் சிக்கல் வந்தால்? 2013-இல், கடற்கொள்ளையர் தாக்கியதைப் புகார் செய்ய டோகோவில் கரையேறிய ஓர் இந்தியக் கப்பல் கேப்டனை, கொள்ளையருக்கு உடந்தை என்று சந்தேகித்துச் சிறையில் போட்டார்கள். சுமார் ஐந்து மாதம் உள்ளே கிடந்தார். அப்போது லோமேயில் இந்தியத் தூதரகம் கிடையாது. கானாவின் அக்ராவிலிருந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. இப்போது லோமேயிலேயே தூதரகம் இருக்கிறது. இறங்கிய வாரமே அங்கே பெயரைப் பதிந்துவிட வேண்டும்.

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் சம்பளத் தொகையோடு நின்றுவிடாதீர்கள், தம்பிகளே. வேலை விசாவா, சுற்றுலா விசாவா? பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும்? மலேரியா வந்தால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது? திரும்பும் டிக்கெட் யார் எடுப்பது? நாலுக்கும் பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொன்னால், கிளம்பாதீர்கள்.