கட்டம் கட்டமாய்ச் சிதறும் முகங்கள்

நவம்பர் மாதம் நெருங்கும்போதெல்லாம் நம் குடும்பங்களில் ஒரு தேடல் தொடங்கிவிடுகிறது. கல்லறைத் திருநாளுக்கு முன்னர், மறைந்த தந்தையின் படத்தையோ தாயின் படத்தையோ பெரிதாக்கிச் சட்டமிட்டு வைக்க வேண்டும் என்னும் ஆவல் எழுகிறது. ஆனால் கையில் இருப்பதோ, உறவினர் ஒருவர் எப்போதோ கைபேசிக்கு அனுப்பிய சிறு படம். அதுவும் இருபது பேர் நிற்கும் திருமணப் படத்திலிருந்து வெட்டி எடுத்த ஒரு முகம். கைபேசித் திரையில் அது தெளிவாகத்தான் தெரிகிறது. அச்சகத்தில் கொடுத்து இரண்டடி உயரத்திற்குப் பெருக்கியதும், நெற்றியும் கன்னமும் கட்டம் கட்டமாய்ச் சிதறிச் செங்கல் அடுக்கிய சுவர்போல் ஆகிவிடுகின்றன. "கணினியில் இதைச் சரிசெய்ய முடியாதா?" என்று ஏக்கத்தோடு கேட்கிறார்கள்.

முடியும், முடியாது என்னும் இரு விடைகளும் இக்கேள்விக்கு உண்டு. எது முடியும், எது முடியாது என்று பிரித்தறிவதே இம்மாதம் நம் சிந்தனைக்குரியது.

முதலில் இக்கட்டங்கள் எங்கிருந்து வந்தன என்று காண்போம். 1957-ஆம் ஆண்டில், அமெரிக்க அரசின் தர நிர்ணய நிலையத்தில் பணியாற்றிய ரஸ்ஸல் கிர்ஷ் என்னும் பொறியியலாளர், பிறந்து மூன்று மாதமே ஆன தம் மகனின் புகைப்படத்தை ஒரு சுழல் உருளையில் பொருத்திக் கணினிக்குள் ஏற்றினார். கணினி உட்கொண்ட முதல் புகைப்படம் அதுவே. அகலத்தில் 176, உயரத்தில் 176, ஆக மொத்தம் 30,976 சதுரப் புள்ளிகளாக அக்குழந்தையின் முகம் பிரிக்கப்பெற்றது. இச்சதுரப் புள்ளியைத்தான் இன்று பிக்சல் என்கிறோம். சதுரத்தைத் தேர்ந்தெடுத்தது குறித்துக் கிர்ஷே பிற்காலத்தில் வருந்தினார். எண்பது வயதைக் கடந்த பின்னரும் அதன் முரட்டு விளிம்புகளை மென்மையாக்கும் வழியை ஆராய்ந்து கொண்டிருந்தார்.

இப்போது ஒரு சிறு கணக்கு. இருபது பேர், பத்துப் பத்தாக இரு வரிசையில் நிற்கும் படம் ஒன்று. அதன் அகலம் 1600 புள்ளிகள் எனக் கொள்வோம். ஆளுக்கு 160 புள்ளிகள்; அதில் முகத்தின் அகலம் பாதி, அதாவது 80 புள்ளிகள். இந்த 80 புள்ளிகளை எட்டு அங்குல அகலத்திற்கு நீட்டினால், அங்குலத்திற்குப் பத்துப் புள்ளிகளே வரும். கையில் எடுத்துப் பார்க்கும் படம் தெளிவாக இருக்க அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வேண்டும்; சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்ப்பதற்கு 150 போதும். பத்து எங்கே, 150 எங்கே? இருக்க வேண்டியதில் பதினைந்தில் ஒரு பங்கே தேறுகிறது.

இதன்மேல் இன்னுமோர் இழப்பும் உண்டு. படங்களைச் சுருக்கி வைப்பதற்கு 1992-இல் வகுக்கப்பெற்ற ஜேபெக் என்னும் முறை, படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட கட்டங்களாக வெட்டி, கண் எளிதில் கவனிக்காத நுட்பங்களை ஒவ்வொரு கட்டத்திலும் விட்டுவிடுகிறது. இதற்கு அடிப்படையான கணிதத்தை 1974-இல் வெளியிட்டவர்கள் பெங்களூரில் பிறந்த நசீர் அகமதுவும், அவரோடு உழைத்த நடராஜன், ராவ் ஆகியோரும் ஆவர். இம்முறை இன்றேல் நம் கைபேசிகளில் இத்தனை ஆயிரம் படங்களைச் சேர்த்து வைக்க இயலாது. ஆதலின் அதைக் குறைகூற வேண்டியதில்லை. ஆயினும் ஒரு படத்தைத் திருத்தித் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும், வாட்ஸ்அப் வழியாக வழக்கமான முறையில் அனுப்பும் ஒவ்வொரு முறையும், சிறிது சிறிதாக நுட்பம் உதிர்கிறது. பல கைகள் மாறிய ரூபாய் நோட்டுப்போல் படம் தேய்ந்து போகிறது.

இனி, சீர்செய்யும் வழிக்கு வருவோம். போட்டோஷாப் விலைகொடுத்துப் பெறும் மென்பொருள். கிம்ப் என்பது விலையின்றிக் கிடைப்பது. வீட்டுத் தேவைக்கு இரண்டாவதே போதுமானது. வேலையைத் தொடங்குமுன் மூலப் படத்தைத் தனியே பத்திரப்படுத்திவிட்டு, ஒரு நகலின்மீதே கைவைக்க வேண்டும். அடுத்து, கட்டங்களின் விளிம்புகளை மட்டும் இலேசாக மங்கச் செய்ய வேண்டும். கண், உதடு, மயிர்க்கோடு ஆகியவற்றைத் தொடாது கன்னம், நெற்றி, பின்புறச் சுவர் ஆகியவற்றில் இதைச் செய்தால் முரட்டுத்தனம் பெரிதும் அடங்கும். அதன் பின்னரே படத்தைப் பெருக்க வேண்டும். பெருக்கும்போது மென்பொருள் என்ன செய்கிறது? அடுத்தடுத்த இரு புள்ளிகளில் ஒன்றின் வெளிச்சம் 100, மற்றதன் வெளிச்சம் 140 எனில், இடையே 120 அளவில் ஒரு புதிய புள்ளியை வைக்கிறது. இதனால் கட்டம் மறையும், முகம் மென்மையாகும். ஆனால் புதிய செய்தி எதுவும் வந்துவிடாது. இறுதியாகக் கூர்மையைச் சற்றே கூட்டலாம். மிகுதியாகக் கூட்டினால் முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு படரும். எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தைச் சிறிதாகவே அச்சிடுவது நன்று. இரண்டடி உயரத்தில் சிதறும் முகம், மூன்று அங்குலத்தில், அகன்ற வெள்ளைத் தாளின் நடுவே, கண்ணியமாக அமையும்.

நிற்க. "இதெல்லாம் பழைய முறை, இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, ஒரு விரல் தொட்டால் முகம் பளிச்சென்று ஆகிவிடும்" என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். உண்மைதான், பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் அது யாருடைய முகம்?

2020-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 16-க்கு 16 புள்ளிகளே கொண்ட முகத்தை 1024-க்கு 1024 புள்ளிகளாகத் தெளிவாக்கும் ஒரு மென்பொருளை வெளியிட்டனர். முன்னாள் அதிபர் பராக் ஒபாமாவின் கட்டமிட்ட சிறு படத்தை ஒருவர் அதற்குக் கொடுத்தபோது, அது தெள்ளத் தெளிவாக ஒரு வெள்ளையரின் முகத்தை வரைந்து தந்தது! இதில் வியப்பில்லை. அம்மென்பொருள் மறைந்ததை மீட்கவில்லை. தான் முன்பு கண்ட முகங்களைக் கொண்டு, அக்கட்டங்களுக்குப் பொருந்தக்கூடிய ஏதோ ஒரு முகத்தைப் புனைந்தது. அது ஆளை அடையாளம் காண்பதற்கு ஏற்றதன்று என்று அதை ஆக்கியவர்களே கூறினர்.

இல்லாததைத் தீட்டும் வழக்கம் புதிதன்று. 1858-இல் சென்னை அரசின் புகைப்படக்காரராகத் திருச்சிராப்பள்ளியையும் திருவரங்கத்தையும் படம்பிடித்த லின்னேயஸ் டிரைப், வெறுமையாய்ப் பதிவான வானத்தில் தம் கையாலேயே மேகங்களைத் தீட்டினார். மேகம் ஒன்று இடம் மாறி நிற்பதால் யாருக்கும் இழப்பில்லை. முகத்தின் செய்தி அத்தகையதன்று.

எமது பங்கில் ஒரு மூதாட்டி. அவருடைய தமையன் இளவயதிலேயே ஆற்றோடு போனவர். அவருக்கென எஞ்சியது பள்ளிக் குழுப்படம் ஒன்றின் கைபேசி நகல் மட்டுமே. பேரன் ஆசையோடு அதைச் செயலி ஒன்றில் இட்டுத் தெளிவாக்கிச் சட்டமிட்டு, "அப்பாயி, இந்தா உங்க அண்ணன்" என்று கொடுத்தான். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, என்னிடம் சொன்னார்: "அழகாத்தான் இருக்கு சாமி. ஆனா எங்கண்ணன் இல்லை. இடப்புருவத்துல தழும்பு எங்கே?" மாட்டுக்கொட்டகைத் தூணில் சிறுவயதில் மோதிப் பெற்ற தழும்பு அது. செயலியின் கணக்கில் அது மாசு, ஆகவே துடைத்துவிட்டது. சகோதரியின் கணக்கில் அதுதான் அடையாளம். அவர் இன்று இருப்பதால் "இவர் அவரல்லர்" என்று சொல்கிறார். அவருக்குப் பின்னர், அந்தப் பொய் முகத்தை யார் மறுப்பார்கள்? நாளைய பிள்ளைகள் அதையே தம் பாட்டனார் முகமென்று நம்பி வணங்குவார்கள் அன்றோ?

அப்படியாயின் ஊகிப்பதே குற்றமா? அன்று. அறிஞர்களும் ஊகிக்கிறார்கள், ஆனால் அவர்கள் கைக்கொள்ளும் ஒழுங்கு ஒன்று உண்டு. அதை அறிய நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. திருச்சியிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் இருபது கிலோமீட்டர் அளவில் இருக்கும் திருவெள்ளறைக்குப் போனால் போதும். வெண்பாறைமேல் அமைந்த பெருமாள் கோயிலை அடுத்து, நான்கு புறமும் படிகள் வளைந்திறங்கும் சுவத்திக வடிவக் கிணறு ஒன்று உள்ளது. ஏறத்தாழ 1200 ஆண்டுகளுக்கு முன்னர், பல்லவ மன்னன் தந்திவர்மனின் நான்காம் ஆட்சியாண்டில் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் அதை வெட்டி முடித்தவர், ஆலம்பாக்கத்து விசையநல்லூழானின் தம்பி கம்பன் அரையன். மார்ப்பிடுகு பெருங்கிணறு என்பது அதன் பெயர். இச்செய்திகளை அங்குள்ள கல்வெட்டே கூறுகிறது.

சுற்றுலா வந்தவர் தொலைவிலிருந்து எடுத்த படத்தை எவ்வளவு பெருக்கினாலும் அக்கல்லின் எழுத்தைப் படிக்க இயலாது; கட்டங்களே மிஞ்சும். கல்வெட்டறிஞர் அவ்வாறு செய்வதில்லை. கல்லைக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தாளை எழுத்தின் பள்ளங்களில் படியச் செய்து, மை ஒற்றி எடுக்கிறார். கரிய தாளில் வெள்ளை எழுத்துகளாய், கல்லின் அளவிலேயே படி கிடைக்கிறது. மேகம் தீட்டிய டிரைப்பும், தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டைப் பதிவு செய்தபோது அதை ஒரு படத்திற்குள் திணிக்கவில்லை. 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். மூலத்தின் அருகே செல்க என்பதே இவ்விரண்டும் கற்பிக்கும் பாடம்.

அருகே சென்றும் எழுத்துச் சிதைந்திருந்தால்? அங்கேதான் அவர்களுடைய நேர்மை விளங்குகிறது. பதிப்பிக்கும்போது, ஐயத்திற்குரிய எழுத்தைப் பகர அடைப்புக்குள் இடுகிறார்கள். தாமாகச் சேர்த்த எழுத்தை உடுக்குறியிட்டுக் காட்டுகிறார்கள். அறவே அழிந்ததைப் புள்ளிகளால் குறிக்கிறார்கள். எது கல் சொன்னது, எது அறிஞர் சொன்னது என்று படிப்பவர் பிரித்தறியலாம். கணினி புனையும் முகத்தில் இந்த அடைப்புக்குறி இல்லை. மெய்யும் ஊகமும் ஒரே பளபளப்போடு நிற்கின்றன. தீங்கு ஊகத்தில் இல்லை. ஊகம் தன் பெயரை மறைப்பதில்தான் இருக்கிறது.

ஆகவே குடும்பத்தாருக்குச் சில சொல்வேன். மென்பொருளைத் தேடுமுன் மூலப் படத்தைத் தேடுங்கள். கைபேசி நகலை அனுப்பிய உறவினரிடம், அச்சிட்ட பழைய படத்தையே கேளுங்கள். அதைக் கண்ணாடிச் சட்டத்தோடு கைபேசியில் படம்பிடிக்காமல், வெளியே எடுத்து ஸ்கேனரில் வைத்து, அங்குலத்திற்கு 1200 புள்ளிகள் வீதம் பதிவு செய்யுங்கள். மூன்றரைக்கு நாலரை சென்டிமீட்டர் உள்ள பாஸ்போர்ட் படம்கூட அப்போது 1650-க்கு 2125 புள்ளி அளவு தரும். சுவரில் மாட்டும் படத்திற்கு அது தாராளம். மங்கிய அச்சைவிட நெகட்டிவ் இன்னும் செல்வமுடையது. தபால்தலை போன்ற அந்தச் சிறு படச்சுருள் துண்டு, 2400 வீதத்தில் 3400-க்கு 2270 புள்ளிகள் வரை தரவல்லது. திருமண ஆல்பத்தின் உறைக்குள் அது ஒளிந்திருக்கக்கூடும். எடுத்த ஸ்டூடியோ இருந்தால் அங்கும் கேளுங்கள். தமிழகத்துப் பழைய ஸ்டூடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் உதவியோடு, கணினிப் பதிவாக்கிக் காத்திருக்கிறது; பிறர் போற்றும் செல்வத்தை நாம் பரணில் கரையானுக்கு விடலாமா? வெளிநாட்டிலிருந்து படம் வரவேண்டுமாயின், வாட்ஸ்அப்பில் படமாக அன்றி ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். புள்ளி ஒன்றும் குறையாது வந்து சேரும்.

மூதாட்டியின் செய்தியில், தமையனோடு படித்த ஒருவர் வீட்டில் அக்குழுப்படத்தின் அச்சு கிடைத்தது. பதிவு செய்து பார்த்தபோது முகம் சற்று மங்கல்தான். ஆனால் இடப்புருவத்தில் மயிரிழைபோல் ஒரு வெண்கோடு இருந்தது. உள்ளங்கை அளவில் அச்சிட்டுக் கொடுத்தோம். அவர் அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டார், வேறொன்றும் பேசவில்லை.

மூலமே கிடைக்காதவர்கள் என் செய்வது? கணினி தீட்டிய முகத்தை வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் அதன் பின்புறத்தில், 'இது கணினி ஊகித்து வரைந்தது. மூலச் சிறுபடம் இதனோடு உள்ளது' என்று எழுதி, அந்த மங்கிய சிறுபடத்தையும் சட்டத்துக்குள்ளேயே செருகி வையுங்கள். அதுவே உங்கள் அடைப்புக்குறி. அடையாளம் சொல்லக்கூடிய முதியவர் வீட்டில் இருந்தால், படத்தில் நிற்போர் பெயர்களையும் ஊரையும் ஆண்டையும் இன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முதுமை வந்து தளர்த்துமுன் செய்ய வேண்டியதைச் செய்துவிடுங்கள் என்று திருவெள்ளறைக் கிணற்றுக் கல்வெட்டு இறுதியில் ஒரு பாடலால் அறிவுறுத்துகிறது. நவம்பர் வரும்வரை காத்திராமல், இவ்வார இறுதியிலேயே பெட்டியைத் திறவுங்கள்.