நெல்லிக்காய் யாருடையது? வெள்ளை ஒயினும் நம்ம ஊர் மூக்கும்

தமிழ்நாட்டில் மதுக்கடைக்கு மக்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் 'ஒயின் ஷாப்'. ஆனால் அங்கே போய் ஒயின் கேட்பவர் அபூர்வம். பிராந்தியும் பீரும்தான் அந்தக் கவுண்டரின் ராஜாக்கள். 1983ல் டாஸ்மாக் தொடங்கி, 2003ல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கு வந்த பிறகும் இந்தப் பெயர் மாறவில்லை. பெயரில் மட்டும் ஒயின், பாட்டிலில் வேறு சரக்கு. :-)

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கடந்த இருபத்தைந்து வருடங்களில் இந்தியாவிலேயே நல்ல வெள்ளை ஒயின்கள் வர ஆரம்பித்துவிட்டன. நாசிக்கில் சுலா நிறுவனம் 2000ல் சாவிஞான் பிளாங், ஷெனின் பிளாங் என்ற இரண்டு வெள்ளைத் திராட்சை ஒயின்களைக் கொண்டு வந்தது. பெங்களூருக்குப் பக்கத்தில் நந்தி மலை அடிவாரத்தில் குரோவர் நிறுவனம் வியோன்யே என்ற வகையை வளர்த்தது. 1960களில் பிரான்சின் ரோன் நதிக்கரையில் கிட்டத்தட்ட அழிந்து போக இருந்த திராட்சை அது! இந்தப் பெயர்களை எல்லாம் நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. கேள்விப்பட்ட நாலு பேர் சேர்ந்தால், ஆளுக்கு ஒரு வாய் ருசித்து, 'உனக்கு எப்படி இருந்தது? எனக்கு இப்படி இருந்தது' என்று ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு நல்ல பொழுதுபோக்கு. சங்கீதக் கச்சேரி முடிந்து கேன்டீனில் நின்று பேசுவது மாதிரிதான்.

ஆனால் இந்தப் பேச்சில்தான் ஒரு சிக்கல் இருக்கிறது.

சாவிஞான் பிளாங் பற்றி எந்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தாலும் முதல் வரியில் 'கூஸ்பெர்ரி வாசனை' என்று இருக்கும். அகராதியைப் புரட்டினால் கூஸ்பெர்ரி என்றால் நெல்லிக்காய். உடனே நம்ம ஆள் ஒருவர் கிளாஸை மூக்கில் வைத்து, கண்ணை மூடி, "ஆமாம், நெல்லிக்காய்!" என்பார். பக்கத்தில் இருப்பவர்களும் தலையாட்டுவார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் புத்தகம் சொல்லும் கூஸ்பெர்ரி ஐரோப்பாவில் முள்செடியில் காய்க்கும் ஒரு சின்னப் பழம். நம் நெல்லிக்காய் வேறு குடும்பம், வேறு மரம், வேறு ருசி. இரண்டுக்கும் பெயரைத் தவிர வேறு சம்பந்தம் கிடையாது. ஆக, தலையாட்டிய நாலு பேரும் அங்கே இல்லாத ஒரு வாசனைக்குத்தான் தலையாட்டினார்கள்.

சரி, அந்த கிளாஸில் உண்மையில் என்ன இருந்தது? சாவிஞான் பிளாங்கில் கந்தகம் கலந்த சில வாசனைப் பொருட்கள் உண்டு. அதே இனத்தைச் சேர்ந்த பொருட்கள் கொய்யாவிலும் இருக்கின்றன. அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் தள்ளுவண்டியில் மிளகாய்த்தூள் தூவி விற்கிறார்களே, அதே கொய்யாதான். மேனாம்பேட்டில் பிறந்து வளர்ந்த ஒரு பையனின் மூக்குக்கு அந்த வாசனை நன்றாகவே தெரியும். ஆனால் அவன் வாயைத் திறந்து 'கொய்யாப்பழம் மாதிரி இருக்கு' என்று சொல்ல மாட்டான். ஏன்? புத்தகத்தில் அப்படிப் போடவில்லை. சொன்னால் சிரிப்பார்களோ என்ற பயம்.

இந்தக் கட்டுரையின் வாதமே இதுதான்: ருசியை ஒப்பிடும் இடத்தில் ஜெயிக்க வேண்டியது நல்ல மூக்கு. ஆனால் நம் ஊரில் ஜெயிப்பது நல்ல ஆங்கிலம். அதனால் நஷ்டம் பேசாமல் இருந்தவனுக்கு மட்டும் இல்லை, கூட இருந்த எல்லோருக்கும்தான்.

இன்னும் சில உதாரணங்கள் பாருங்கள். மஸ்கட் வகைத் திராட்சையின் வாசனைக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று லினலூல் என்ற பொருள். கொத்தமல்லி விதையைக் கையில் வைத்து நசுக்கினால் வருவதும் பெரும்பாலும் அதே லினலூல்தான். நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை இருக்கிறதே (2023ல் புவிசார் குறியீடு வாங்கியது), அது மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. அதன் பெற்றோரில் ஒன்று மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா என்ற பழைய வெள்ளைத் திராட்சை. அதாவது, சீசனில் கிலோ கணக்கில் பன்னீர் திராட்சை தின்ற தமிழ்க் குழந்தைக்கு மஸ்கட் வாசனையின் அரிச்சுவடி ஏற்கனவே மனப்பாடம். ஆனால் அந்தக் குழந்தை பெரியவனாகி ஒரு ருசிக் கூட்டத்தில் உட்கார்ந்தால், 'ஆரஞ்சுப் பூ, ஹனிசக்கிள்' என்று பார்க்காத பூக்களின் பெயரைத் தேடிக் கொண்டிருப்பான்.

ரீஸ்லிங் என்ற ஜெர்மானிய வெள்ளை ஒயின் சில வருடங்கள் பாட்டிலில் இருந்தால் அதில் ஒரு பெட்ரோலிய வாடை வரும். அதற்குக் காரணமான பொருளை டி.டி.என். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ரேஷன் கடை கியூவில் கேனோடு நின்று மண்ணெண்ணெய் வாங்கிய தலைமுறைக்கு இதைக் கண்டுபிடிக்க எந்தப் பயிற்சியும் வேண்டாம். கார்க் கெட்டுப்போன ஒயினில் ஒரு நாற்றம் வரும், மழையில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி. அடைமழை நேரத்தில் பரணில் இருந்த பழைய புத்தகக் கட்டைப் பிரித்தவர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். ஆனால் 'இதைச் சொன்னால் நமக்கு ஒயின் தெரியாது என்று நினைப்பார்களோ' என்று அவர் வாயை மூடிக்கொண்டால் என்ன ஆகும்? கெட்டுப்போன பாட்டிலை எல்லோரும் சேர்ந்து 'ஆஹா, ஓஹோ' என்று புகழ்ந்து முடிப்பார்கள்!

தமிழில் வாசனைச் சொற்களுக்குப் பஞ்சமா என்ன? கவிச்சி, காறல், சிக்கு வாடை, ஊசல், தீய்ந்த வாடை, பூஞ்சை நாற்றம், மண்வாசனை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ருசியிலும் ஆறு சுவை என்று கணக்கு வைத்து, அதில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்த மொழி இது. வாழைப்பூ ஆய்ந்து சமைத்த பாட்டிக்கு, எது லேசான துவர்ப்பு, எது நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு என்று யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. சமூகத்துக்குச் சமூகம் மூக்கு வித்தியாசப்படுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். மலேசியக் காடுகளில் வாழும் ஜஹாய் என்ற பழங்குடியினர், நாம் நிறங்களைச் சொல்வது போல அவ்வளவு சுலபமாக வாசனைகளைச் சொல்கிறார்கள் என்று 2014ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பயன்படுத்தினால் வார்த்தை கூர்மையாகும், அவ்வளவுதான்.

யவனர் கொண்டுவந்த மணம் மிக்க மதுவைப் பற்றி புறநானூற்றின் 56வது பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனிடம் சொல்கிறார். புதுச்சேரி பக்கம் அரிக்கமேட்டில் 1945ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக்கடல் நாடுகளின் ஒயின் ஜாடித் துண்டுகள் கிடைத்தன. அந்தக் காலத்தில் இறக்குமதியானது மதுதான். அதை வர்ணிக்கும் வார்த்தையை நாம் இறக்குமதி செய்யவில்லை!

'பெரிய நிபுணர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டால் போதாதா?' என்று சிலர் கேட்கலாம். கேட்கலாம், தப்பில்லை. ஆனால் நிபுணர்களின் நிலைமையையும் கொஞ்சம் பார்ப்போம். கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சி ஒயின் போட்டியில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்ற பேராசிரியர் ஒரு சோதனை செய்தார். ஒரே பாட்டிலில் இருந்து எடுத்த ஒயினை, நடுவர்களுக்குத் தெரியாமல் மூன்று தடவை ஊற்றிக் கொடுத்தார். 2008ல் வந்த முடிவு: ஒரே மாதிரி மதிப்பெண் போட்டவர்கள் சுமார் பத்தில் ஒருவர்தான். அதற்கும் முன்னால், 2001ல் பிரான்சில் போர்தோ நகரில் ஒயின் படிப்பு படிக்கும் 54 மாணவர்களுக்கு, வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்கு எழுதும் வார்த்தைகளையே எழுதி வைத்தார்கள். கண் சொன்னதை மூக்கு நம்பிவிட்டது.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இதைவிட முக்கியமான ஆய்வு இன்னொன்று. 2008ல் கால்டெக், ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஒரே ஒயினை ஒரு தடவை 10 டாலர் என்றும் இன்னொரு தடவை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் என்று சொன்னபோது அதிகம் பிடித்திருந்தது என்றார்கள். சும்மா சொல்லவில்லை, மூளையில் இன்பத்தை உணரும் பகுதியும் அப்போது அதிகமாக வேலை செய்ததாக ஸ்கேனில் தெரிந்தது. விலையைச் சொல்லாமல் கொடுத்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது! பாடப்புத்தகத்தில் தரத்தைப் பொறுத்து விலை என்று படிக்கிறோம். நாக்கிலோ விலையைப் பொறுத்து தரம். பெயர் தெரியாத, விலை குறைந்த ஒரு ஷெனின் பிளாங் நியாயமாக ஜெயிக்க வேண்டுமென்றால், முதலில் அதன் லேபிளை மறைக்க வேண்டும்.

எதிர்த்தரப்பு வாதம் ஒன்று இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. நாசிக் ஒயினை லண்டனில் விற்க வேண்டுமென்றால் 'பன்னீர் திராட்சை வாசனை' என்று லேபிளில் எழுதி என்ன பிரயோஜனம்? வாங்குபவனுக்குப் புரிய வேண்டாமா? வியாபாரத்துக்குப் பொது மொழி வேண்டும். குன்னூர் தேயிலை ஏலத்துக்கு ருசி பார்ப்பவர்கள் தங்களுக்குள் ஒரு பொதுவான சொற்பட்டியல் வைத்திருப்பதால்தான் பார்க்காத தேயிலைக்குக் கூட ஒருவர் விலை சொல்ல முடிகிறது. உண்மைதான்.

ஆனால் பொது மொழி என்பது மனப்பாடம் செய்த மொழி அல்ல. 1984ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபிள் என்ற பேராசிரியர் குழுவினர் ஒயின் வாசனைகளை ஒரு சக்கரமாக வரைந்து வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுக்கப் புழங்குவது அதன் வாரிசுகள்தான். அந்தச் சக்கரத்தின் உயிர் அதில் இருக்கும் வார்த்தைகளில் இல்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு நிஜமான பொருளை வைத்து முகர்ந்து பழகச் சொன்னதில்தான் இருக்கிறது. வெண்ணெய் என்றால் வெண்ணெயைப் போட்டு முகர்ந்து பார், குடைமிளகாய் என்றால் ஒரு துண்டை நறுக்கிப் போட்டுப் பார் என்றார்கள். அவர்கள் பயன்படுத்தியது அவர்கள் ஊர்க் கடையில் கிடைத்த சாமான்கள். நாம் பயன்படுத்த வேண்டியது நம் ஊர் மளிகைக் கடை சாமான்கள். இந்த வேலையை ஆசியாவில் ஏற்கனவே ஆரம்பித்தும் விட்டார்கள். 2008ல் ஆசியாவின் முதல் 'மாஸ்டர் ஆஃப் ஒயின்' ஆன ஜீனி சோ லீ, ஆசிய உணவுகளையும் ஆசிய நாக்கையும் வைத்தே ஒயினைப் பற்றிப் புத்தகங்கள் எழுதியிருக்கிறார். இந்தியாவில் 2016ல் சோனல் ஹாலண்ட் அந்தப் பட்டத்தை வாங்கினார். தமிழ் மூக்குக்கு ஒரு சக்கரம் போட இனிமேல் என்ன தடை?

மொட்டை மாடியில் நாலு நண்பர்கள் சேர்ந்தாலே ஆரம்பிக்கலாம். செய்ய வேண்டியது கொஞ்சம்தான்.

1. பாட்டிலை நியூஸ்பேப்பரில் சுற்றிவிடுங்கள். நம் ஊரில் பாட்டிலைப் பேப்பரில் சுற்றுவது வெட்கத்துக்காக. இங்கே நேர்மைக்காக.

2. பேசுவதற்கு முன் எழுதுங்கள். முதலில் பேசுபவர் 'நெல்லிக்காய்' என்றால் கடைசி ஆள் வரை நெல்லிக்காய்தான். எழுதிய சீட்டு பொய் சொல்லாது.

3. சின்ன டப்பாக்களில் கொய்யா, கொத்தமல்லி விதை, வெட்டிவேர், எலுமிச்சைத் தோல், தேன், பச்சை மாங்காய் வையுங்கள். ஒயினையும் டப்பாவையும் மாறி மாறி முகருங்கள். பொருந்தவில்லை என்றால் பொருந்தவில்லை என்றே எழுதுங்கள்.

4. சென்னை வெயிலை மறக்க வேண்டாம். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்தவுடன் வெள்ளை ஒயினில் வாசனை அவ்வளவாக எழாது. வெளியே வைத்தால் சீக்கிரமே சூடேறி ஆல்கஹால் நெடி முந்திக்கொள்ளும். எல்லோரும் ஒரே நேரத்தில் முகர்ந்தால்தான் ஒப்பிடுவதில் அர்த்தம் உண்டு.

5. கடைசியில் ஆங்கிலப் பெயரையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மொழியும் தெரிந்தவனுக்குத்தான் நாளை வேலையும் கிடைக்கும், வியாபாரமும் நடக்கும்.

இது ஒயினோடு நிற்கிற விஷயம் இல்லை. கல்லூரி குரூப் டிஸ்கஷனில், கேம்பஸ் இன்டர்வியூவில் நடப்பதும் இதேதான். விஷயம் தெரிந்த அம்பத்தூர் பையன் வார்த்தை வராமல் உட்கார்ந்திருப்பான். விஷயம் தெரியாத இன்னொருவன் வார்த்தையை மட்டும் வைத்து அறையையே ஆள்வான். கம்பெனி யாரை எடுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தப்பான பாட்டிலுக்குப் பரிசு கொடுக்கிற மாதிரிதான் அதுவும். தனக்குத் தெரிந்ததைத் தனக்குத் தெரிந்த வார்த்தையில் தைரியமாகச் சொல்லும் பழக்கம் எங்கேயாவது ஓர் இடத்தில் தொடங்க வேண்டும். அது ஒரு கிளாஸ் வெள்ளை ஒயினாக இருந்தால் என்ன, ஃபில்டர் காபியாக இருந்தால் என்ன?

அடுத்த தடவை யாராவது 'நெல்லிக்காய்' என்றால், "எந்த நெல்லிக்காய்?" என்று கேட்டுப் பாருங்கள்.

டிஸ்கி: தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கக் கூடாது என்பது சட்டம். அவர்களும், குடிக்காதவர்களும் மேலே சொன்ன பரிசோதனையை நாலு வகைத் தேயிலையை வைத்துச் செய்து பார்க்கலாம். முடிவு ஒன்றுதான், செலவும் கம்மி. :-)