குற்றம் தடுப்பு மருந்தினுடையதா?

இராணிக்கெட் நோய்க்குத் தடுப்பு மருந்து அளித்த பின்னரும் பண்ணையில் கோழிகள் அந்நோயாலேயே மடியுமாயின், பழி மருந்தின்மீதோ அதனைக் கொண்டுசென்ற ஊழியர்மீதோ விழுவது வழக்கம். மருந்து குளிர்ச்சி குன்றாமல் வைக்கப்பட்டிருந்ததா என்று விசாரிப்பது முறையே. ஆயினும் அதற்கும் முன்னர் எழவேண்டிய வினா ஒன்று உண்டு: மருந்தை ஏற்றுப் பயன்கொள்ளும் ஆற்றல் அக்கோழிகளின் உடலில் எஞ்சியிருந்ததா?

கம்போரோ நோய் அழிப்பது அவ்வாற்றலையே. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் முதலில் காணப்பட்ட இடத்தின் பெயரால் வழங்கும் இந்நோயை 1962-இல் காஸ்குரோவ் என்பார் விவரித்தார். இந்தியாவில் இது 1971-இல் அறிவிக்கப்பட்டது. இதன் வைரஸ், மலவாய்க்கு மேற்புறம் அமைந்துள்ள ஃபேப்ரீசியஸ் பை என்னும் சிறு உறுப்பைத் தாக்குகிறது.

இப்பையின் வரலாறு வகுப்பறையில் சொல்லத்தக்கது. பதுவா நகரத்து உடற்கூற்றறிஞர் ஃபேப்ரீசியஸ் மறைந்தபின் 1621-இல் அச்சேறிய நூலில் இது விவரிக்கப்பட்டது. எனினும், மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் இதன் பயன் விளங்கவில்லை. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் இப்பையை நீக்கி வளர்த்த கோழிகள் சிலவற்றை, உடன் பயின்ற திமோத்தி சாங், எதிர்ப்பொருள் உண்டாவதை வகுப்பில் காட்டுவதற்காகப் பெற்றுக்கொண்டார். எதிர்ப்பொருள் உண்டாகவில்லை. வகுப்புச் சோதனை தோற்றது. அத்தோல்வியே 1956-இல் ஒரு பெரும் கண்டுபிடிப்பாக வெளிவந்தது. மனித உடலிலும் எதிர்ப்பொருளுக்கு மூலமான உயிரணுக்கள் 'பி' அணுக்கள் எனப்படுவது, 'பர்சா' எனும் இப்பையின் பெயரை ஒட்டியேயாகும்.

மூன்று முதல் ஆறு வார வயதில் நோய் கண்டால் குஞ்சுகள் சிறகு சிலிர்த்துச் சோர்ந்து, வெண்ணிற நீர்க்கழிச்சலுடன் மடிகின்றன. அது கண்ணுக்குத் தெரியும் இழப்பு. மூன்று வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுகளிடம் பெரும்பாலும் வெளிக்குறி ஒன்றும் தோன்றுவதில்லை. சாவும் மிகுவதில்லை. ஆனால் பை சிதைந்துவிடுகிறது. அதன் பின்னர் அளிக்கும் மருந்து விழலுக்கு இறைத்த நீரே.

எனவே, எக்காரணத்தால் இறந்த குஞ்சாயினும் அறுத்துப் பார்க்கும்போது இப்பையைப் பாராமல் விடலாகாது. நோயின் தொடக்கத்தில் அது வீங்கி, மஞ்சள் நிறக் கூழ்போன்ற நீர்மம் படர்ந்து காணப்படும். சில நாட்களில் இயல்பான எடையில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பருவமெய்தும் கோழியில் பை சுருங்குவது இயற்கை, இளங்குஞ்சில் அன்று. மாரெக் நோயாலும் தீவனப் பூஞ்சை நஞ்சாலும் சுருக்கம் நேரக்கூடுமாதலால், முடிவை ஆய்வுக்கூடத்துக்கே விடவேண்டும்.

நோய் மிகுந்தால் வீரியம் மிகுந்த மருந்தைத் தேடுவது இன்று வழக்கமாகிவிட்டது. அது எப்போதும் விவேகமன்று. அத்தகைய மருந்துகளுள் சில தாமே பைக்கு ஊறு செய்யவல்லவை. தாய்க்கோழி வழிவந்த எதிர்ப்பொருள் குஞ்சின் குருதியில் மிகுந்திருக்கையில் மருந்தளித்தால் அது வீணாகும். தாமதித்தாலோ நோய் முந்திக்கொள்ளும். ஆகவே குருதியைச் சோதித்து நாள் குறிப்பதே அறிவு. எல்லாப் பண்ணைக்கும் ஒரே தேதி என்பது அலுவலகத்துக்கு வசதி, குஞ்சுக்கு அன்று.

கொட்டகையும் கவனத்துக்குரியது. கொழுப்புறை அற்ற இவ்வைரஸ் பல கிருமிநாசினிகளுக்கு அஞ்சுவதில்லை. கோழிகளை அகற்றிய கொட்டகையிலும் நூறு நாட்களுக்கு மேல் உயிர்ப்புடன் இருக்கும். பழைய கூளத்தின்மீதே புதிய குஞ்சுகளை இறக்கிவிட்டு மருந்தைக் குறைகூறுவோர் இதனை முதலில் எண்ணிப்பார்க்க வேண்டும். பண்ணைப் பதிவேட்டில் சாவின் எண்ணிக்கைக்கு அருகே, பையின் நிலையைக் குறிக்கவும் ஒரு கட்டம் வரைந்துகொள்ள ஊழியர் எவருடைய ஆணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.