அப்பாவுக்கு அறுபது, பெண்ணுக்குப் பன்னிரண்டு

தவமிருந்து பெற்ற பிள்ளை என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. இக்காலத்தில் தவத்தோடு வைத்தியச் செலவும் சேர்ந்துகொண்டிருக்கிறது. வைத்திய உதவியால் பிள்ளைப்பேறு வேண்டுவோருக்கு 2021-ஆம் வருஷத்துச் சட்டம் ஒரு வயது வரம்பு விதித்திருக்கிறது. ஸ்திரீகளுக்கு 50, புருஷர்களுக்கு 55. மிகவும் தாராளமான வரம்புதான். ஆனால் உத்தியோகத்துக்கும் ஒரு வரம்பு இருக்கிறதே! தமிழ்நாட்டு சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கு அது 60.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 48-வது பிராயத்தில் ஒருவருக்குப் பெண் பிறக்கிறது. ஆபீஸில் மாலை போட்டு அவரை வழியனுப்பும்போது அவள் ஏழாம் வகுப்பில் இருப்பாள். கலாசாலையில் சேரும்போது அப்பாவுக்கு 66. இன்று 5 லக்ஷத்தில் முடிகிற படிப்பு, விலைவாசி வருஷந்தோறும் நூற்றுக்கு 6 வீதம் ஏறினால், அப்போது 14 லக்ஷத்தைத் தாண்டிவிடும்.

இதைப் பார்த்ததும் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? கையிலுள்ளதையெல்லாம் குழந்தையின் பெயரில் போட்டுவிட்டு, "எங்களுக்கென்ன, கஞ்சி குடித்துக் காலந்தள்ளுவோம்" என்கிறார்கள். கேட்க உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கஞ்சிக்கும் அதைவிட விலையேறிய மருந்துக்கும் யாரிடம் போய் நிற்பது? அப்போதுதான் முதல் சம்பளம் வாங்கத் தொடங்கியிருக்கும் அந்தப் பெண்ணிடந்தான். பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ள அநேகமாக உடன்பிறந்தாரும் இருக்கமாட்டார்கள். படிப்புக்குப் பாங்கியில் கடன் கிடைக்கும். சொந்த வீடில்லாத கிழவருக்குச் சாப்பாட்டுக்குக் கடன் கொடுப்பார் எவருமில்லை. ஆகையால் முதலில் தங்கள் முதுமைக்கும், ஆபீஸ் தயவில்லாத தனி வைத்திய இன்ஷியூரன்ஸுக்கும் வழி செய்துகொண்டு, பிறகு குழந்தைக்குச் சேர்ப்பதே உத்தமம். இதைச் சொன்னால் கல்நெஞ்சன் என்கிறார்கள், சொல்லட்டும்.

பெண் குழந்தைகளுக்காக 2015-இல் ஏற்பட்ட 'சுகன்யா சம்ரித்தி' கணக்கைத் தபாலாபீஸிலும் பாங்கிகளிலும் 10 வயதுக்குள் தொடங்கலாம். 15 வருஷம் பணம் கட்ட வேண்டும். நம் 48 வயது நண்பருக்கு அது 63-இல்தான் முடியும்! அதனால் சம்பளம் வரும் வருஷங்களில் வருஷத்துக்கு 1,50,000 ரூபாய் என்ற உச்சத்துக்குள் இயன்றமட்டும் கட்டிவிட்டு, ஓய்வு பெற்றபின் குறைந்தபட்சத் தொகையான 250 ரூபாயைக் கட்டிவந்தால் போதும். பெண்ணுக்கு 18 வயதானதும் படிப்புக்காகப் பாதித்தொகை வரையில் எடுக்கலாம்.

ஆயுள் இன்ஷியூரன்ஸ் விஷயத்தில், உத்தியோகத்தோடு பாலிஸியும் முடியும்படி எடுப்பது பயனற்றது. குழந்தை தன் காலில் நிற்கும் வரையில், அதாவது 70 வயது மட்டும், அது நீடிக்க வேண்டும். வைத்தியத்துக்காகக் கடன் வாங்கியவர்கள் இன்னொன்றும் கவனிக்கலாம். 1874-ஆம் வருஷத்து விவாகமான ஸ்திரீகளின் சொத்துச் சட்டப்படி, மனைவி மக்களின் நன்மைக்கென்று குறிப்பிட்டுக் கணவன் பாலிஸி எடுத்தால், ஏய்க்கும் எண்ணமில்லாத வரையில், கடன்காரர் அதில் கைவைக்க முடியாது.

கடைசியாக, உயில். இருவரும் இல்லாமற்போனால் 18 வயது வரையில் குழந்தைக்கு யார் கார்டியன் என்று எழுதிவைப்பதற்கு ஹிந்துக்களுக்கு 1956-ஆம் வருஷத்துச் சட்டம் இடங்கொடுக்கிறது. வழக்கம்போல் அண்ணாவின் பெயரை எழுதிவிடாதீர்கள். அவருக்கும் உங்களோடு வயதாகிறது. அண்ணாவின் பிள்ளைக்கு 30 வயதானால் அவனைக் கேளுங்கள். அவன் மனைவியையும் கேளுங்கள்.