பள்ளியில் தன்னம்பிக்கைப் பேச்சு மட்டும் போதுமா? வாழ்க்கைத் திறன் கல்வி சொல்வது என்ன?

2024-ல் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் பள்ளியில் நடந்த தன்னம்பிக்கைப் பேச்சு நினைவிருக்கா? உடல் குறைபாட்டை முற்பிறவிப் பாவத்தோடு முடிச்சுப் போட்டார் பேச்சாளர். பார்வை மாற்றுத்திறனாளி ஆசிரியர் ஒருவர் அங்கேயே எதிர்த்துக் கேட்டார். பள்ளி நிகழ்ச்சிகளுக்குப் புதிய விதிமுறைகள் வகுக்க முதலமைச்சர் ஸ்டாலின் உத்தரவிட்டார்.

சரி, வளரிளம் பருவப் பிள்ளைகளுக்கு உண்மையில் என்னதான் தேவை?

10 திறன்கள்

உலக சுகாதார நிறுவனம் 10 வாழ்க்கைத் திறன்களைப் பட்டியலிடுகிறது. முடிவெடுப்பது, தன்னை அறிவது, பிறர் வலியை உணர்வது, கோபத்தையும் மன அழுத்தத்தையும் கையாள்வது ஆகியவை அதில் முக்கியமானவை.

பேச்சுக்கும் பாடத்துக்கும் என்ன வித்தியாசம்?

பேச்சைக் கேட்டுக் கைதட்டலாம், அழலாம். ஆனால் நண்பன் சிகரெட்டை நீட்டும்போது 'வேண்டாம்டா' என்று சொல்லப் பழகணும். சைக்கிள் மாதிரிதான், ஓட்டிப் பார்த்தால்தான் வரும். அதனால் இந்த வகுப்புகளில் நடித்துப் பார்ப்பதும் குழுவாகப் பேசுவதும்தான் பாடமே.

டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் 'மகிழ்ச்சிப் பாடத்திட்டம்' தொடங்கியது. 8-ம் வகுப்பு வரை, தேர்வு இல்லாமல் நடத்தப்பட்டது. தமிழக அரசுப் பள்ளிகளில் 2024 நவம்பரில் வந்த 'மகிழ் முற்றம்', ஐந்திணைகளின் பெயரில் மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்துத் தலைமைப் பண்பை வளர்க்கப் பார்க்கிறது.

சிக்கல் எங்கே?

மார்க் இல்லாத பீரியடைக் கணக்கு சார் கடன் வாங்கிவிடுவார்! அதனால் பெற்றோர் கேட்க வேண்டியது, 'யார் பேச வந்தாங்க?' என்பதல்ல. 'வாரத்துக்கு எத்தனை பீரியட்? பயிற்சி பெற்ற ஆசிரியர் யார்?' என்பதுதான்.