சேமித்தால் மட்டும் போதுமா?

"சிறு துளி பெருவெள்ளம்" என்று தொடங்காத சேமிப்புக் கட்டுரையை நான் இதுவரை படித்ததில்லை. பழமொழி பொய்யன்று. ஆனால் வெள்ளம் வந்தால் தேக்கி வைக்க ஏரி வேண்டும். ஏரிக்குக் கரையும் மதகும் வேண்டும். நம் ஊர்ப் பெண்கள் துளித்துளியாகச் சேர்க்கும் பணத்திற்கு எது கரை, எது மதகு என்பதைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

நம்மோடு படிக்கும் மாணவியர் பலருடைய அன்னையர் மகளிர் சுயஉதவிக் குழுக்களில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இக்குழுக்கள் 1989-ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கப்பட்டன. 1992-இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கும் சோதனையை மேற்கொண்டது. 1997-98-இல் 'மகளிர் திட்டம்' வந்த பின் ஊர்தோறும் குழுக்கள் பெருகின. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் கூடி மாதந்தோறும் சேமித்து, அந்தப் பணத்திலிருந்தே தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்கிறார்கள். ஆறு மாதம் ஒழுங்காக நடந்தால் வங்கியும் கடன் தர முன்வருகிறது. வீட்டுப் பத்திரம் கேட்பதில்லை, நகை கேட்பதில்லை. தீர்மானப் புத்தகத்தையும் வரவு செலவுப் பேரேட்டையும் எடுத்து வரச் சொல்கிறது. ஏழைப் பெண்ணின் கணக்குப் புத்தகமே அவளுடைய சொத்து என்றால் மிகையாகாது.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் தண்டல் கணக்கைப் பார்க்க வேண்டும். எங்கள் தெருவில் பூ விற்கும் அக்கா ஒருவர் தண்டலில் கடன் வாங்கினார். நோட்டில் எழுதியது 10,000 ரூபாய்; கையில் வந்தது 8,500. தினமும் 100 ரூபாய் வீதம் நூறு நாளில் கட்டி முடிக்க வேண்டும். "ஆயிரத்து ஐந்நூறு தானே" என்று தோன்றும். ஆனால் நாள்தோறும் பணம் திரும்பிப் போய்க்கொண்டே இருப்பதால், சராசரியாக அவரிடம் இருந்தது அதில் பாதியளவுதான். நம் கணிதப் புத்தகத்தின் தனிவட்டி முறையில் போட்டால் ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது! அதே 8,500 ரூபாயைக் குழுவில் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டிக்கு வாங்கி, பத்து மாதத்தில் அசலை மாதம் 850 ரூபாயாகத் திருப்பினால் மொத்த வட்டி 467 ரூபாய் 50 காசு. இருமுறை போட்டுப் பார்த்தேன், சரிதான். அந்த வட்டியும் வெளியே போவதில்லை. குழுவின் பொதுப் பணத்தில் சேர்ந்து மறுபடியும் இவர்களுக்கே கடனாக வருகிறது.

அப்படியானால் குறை எங்கே? பயிற்சியில் என்பேன்.

ஊறுகாய், அப்பளம், மெழுகுவர்த்தி, பினாயில், தையல் என்று எங்கு பார்த்தாலும் ஒரே பட்டியல். எங்கள் பகுதியில் ஒரே ஆண்டில் மூன்று குழுக்கள் எலுமிச்சை ஊறுகாய் போட்டன. மூன்றுக்கும் சந்தை அதே நான்கு தெருக்கள். என் பெரியம்மாவும் அவர்களில் ஒருவர். ஊறுகாயின் ருசியில் குறையில்லை; சாப்பிட்டவள் சொல்கிறேன். எலுமிச்சை, எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், பாட்டில் எல்லாவற்றையும் கூட்டி, மேலே பத்து ரூபாய் வைத்து விற்றார். நறுக்கியதும், வெயிலில் காய வைத்ததும், பாட்டில் கழுவியதும் மூன்று நாள் வேலை. அதற்கு அந்தக் கணக்கில் ஒரு வரியும் இல்லை. நான் கேட்டதற்கு, "வீட்டு வேலைக்கு யாரு கூலி போடுவா?" என்று சிரித்தார். அந்தப் பத்து ரூபாயிலும் ஆறு ரூபாய் கடைக்காரருக்குப் போனது. ஆறு மாதத்தில் தொழில் நின்றது; தவணை நிற்கவில்லை.

பெரியம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்று நாள் பயிற்சியில் அவருக்கு ஊறுகாய் போடக் கற்றுக் கொடுத்தார்கள். அது அவருக்குத் திருமணத்திற்கு முன்பே தெரியும்! தெரியாதது விலை போடுவது. அதை யாரும் சொல்லித் தரவில்லை. அவருடைய இலக்கும் பெரிய தொழிலதிபராவதன்று. மகளின் நர்சிங் படிப்புக்கு முதலாண்டுக் கட்டணம் சேர்ப்பது. அந்த அக்கா இப்போது ஜவுளிக் கடையில் நிற்கிறார்.

"பயிற்சி எதற்கு? பணத்தைக் கொடுத்தால் பெண்கள் பிழைத்துக்கொள்வார்கள்" என்பாரும் உண்டு. ஆந்திரப் பிரதேசத்தில் தனியார் நிறுவனங்கள் அப்படித்தான் கொடுத்தன. ஒரே பெண் பல இடங்களில் கடன்பட்டு, ஒன்றை அடைக்க இன்னொன்றை வாங்கி, 2010-இல் அரசே அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டிய அளவுக்குக் குடும்பங்கள் நொறுங்கின.

கணக்கோடு தொடங்கும் பயிற்சியும் நம் நாட்டில் உண்டு. கர்நாடகத்தின் உஜிரே என்னும் ஊரில் 1982-இல் தர்மஸ்தலத்தின் அறக்கட்டளையும் இரண்டு வங்கிகளும் சேர்ந்து ஒரு பயிற்சி நிலையம் தொடங்கின. அதைப் பின்பற்றியே இன்று மாவட்டந்தோறும் வங்கிகள் கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களை நடத்துகின்றன. உணவும் தங்குமிடமும் இலவசம். தொழிலோடு சந்தையை விசாரிக்கவும் கற்றுத் தருகிறார்கள். பயிற்சி முடிந்த பிறகும் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து விசாரிக்கிறார்கள். இந்த இரண்டு ஆண்டுகளே எனக்கு முக்கியமாகப் படுகின்றன. பெரியம்மாவை ஆறாவது மாதத்தில் ஒருவர் வந்து விசாரித்திருந்தால்!

இன்னொரு செய்தி என்னை மிகவும் கவர்ந்தது. அகமதாபாத்தில் எலா பட் அம்மையார் 1972-இல் தொடங்கிய 'சேவா' சங்கத்தின் பெண்கள், 1974-இல் தங்களுக்கென்றே ஒரு வங்கி அமைத்தார்கள். 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டார்கள். பதிவு செய்யக் கையெழுத்து வேண்டும் என்றதும், எழுதத் தெரியாத பெண்கள் ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதிப் பழகினார்களாம். பிற்காலத்தில் அவ்வங்கியின் வாடிக்கையாளர்களுக்கு இரண்டு நாள் தொழில் பயிற்சி கொடுத்துப் பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். சிலரைத் தனியாக அழைத்தார்கள். சிலரைத் தோழி ஒருத்தியோடு வரச் சொன்னார்கள். 2016-இல் வெளிவந்த முடிவு இது: தோழியோடு வந்தவர்களுக்கே பயன் கிட்டியது. அவர்கள் வங்கிக் கடனைத் தொழிலில் போட்டார்கள். குடும்ப வருமானமும் உயர்ந்தது. வெளியில் போய்வரக் கட்டுப்பாடு மிகுந்த குடும்பத்துப் பெண்களிடம் இந்தப் பயன் இன்னும் கூடுதலாக இருந்தது.

நம் குழுக்களில் நடப்பது என்ன? பயிற்சி என்றால் பெரும்பாலும் ஊக்குநர் ஒருவரே போகிறார். திரும்பி வந்து கூட்டத்தில் பத்து நிமிடம் சொல்கிறார்; மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சமைக்க ஓடுகிறார்கள். ஒருவரை அனுப்பும் இடத்தில் இருவரை அனுப்பினால் பேருந்துச் செலவுதான் கூடும். தேர்வுக்குக்கூட நாம் தனியாகப் படிப்பதில்லையே! அம்மாக்கள் மட்டும் ஏன் தனியாகக் கற்க வேண்டும்?

ஆகவே ஒரு வேண்டுகோள். நம் பள்ளியில் பேரேடு எழுதத் தெரிந்த வணிகவியல் பிரிவு அக்காமார் இருக்கிறார்கள். சனிக்கிழமை பிற்பகலில் கீழ்த்தளத்து வகுப்பறைகள் பூட்டியே கிடக்கின்றன. தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்கள் அனுமதித்தால், வரும் ஜூன் முதல் மாதம் இருமுறை அங்கே ஒரு கணக்கு வகுப்பு நடத்தலாம். பாஸ்புத்தகத்தைப் படிப்பது, வட்டியைப் போட்டுப் பார்ப்பது, தன் வேலைக்கும் கூலி சேர்த்து விலை வைப்பது, இந்த மூன்றும் போதும். கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் பள்ளியில் உள்ளன; நோட்டுப் புத்தகங்களை எங்கள் வகுப்பு வாங்கித் தரும். எட்டு அன்னையரிடம் நான் முன்கூட்டியே கேட்டுவிட்டேன். ஆறு பேர் வருவதாகச் சொன்னார்கள். பெரியம்மா மட்டும், பக்கத்து வீட்டு அக்காவையும் அழைத்து வரலாமா என்று கேட்டார்.